உதட்டின் இடது ஓரம்

அவள் தூரிகையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடினாள்.

கட்டைவிரல் நகம் தூரிகைக் காம்பில் மெல்ல நகர்ந்தது. மூக்கின் அடியிலிருந்து உதட்டின் வலது ஓரம் வரை ஓர் அளவு. இடது ஓரம் வரை இன்னோர் அளவு.

இரண்டும் ஒன்றல்ல.

“மூக்கு அரிக்குது” என்றார் எதிரே உட்கார்ந்திருந்த அவள் கணவர்.

“அரிக்கட்டும். அசையாதீங்க.”

“சொறிஞ்சா படம் அழிஞ்சா போயிரும்?”

“அளவு போயிரும்ங்க.”

பதினொரு சனிக்கிழமை வகுப்புகள் முடிந்திருந்தன. ஒரு மாம்பழம், ஒரு பித்தளைச் சொம்பு, மடித்துப் போட்ட துண்டு. எண்ணெய் வண்ணத்தில் அவள் வரைந்தது அவ்வளவுதான். மாம்பழத்தைப் பார்த்துவிட்டு, உருளைக்கிழங்கு நல்லா இருக்கும்மா என்றாள் மகள்.

முகம் இதுதான் முதல்.

வகுப்பில் கொடுத்த பயிற்சி: வீட்டில் ஒருவரை எதிரே உட்காரவைத்து வரைய வேண்டும். போட்டோவைப் பார்த்து வரையக்கூடாது. முடியாது என்றுதான் சொல்வார் என நினைத்துக் கேட்டாள்.

சரி என்றார். அவளுக்குப் புரியவில்லை.

கண்ணாடி பார்க்காமல், கையால் தடவித் தடவிச் சவரம் செய்துகொள்கிறவர் அவர். எட்டு மாதமாக.

ஒரு நாள் காலையில் காபி வாயின் இடது ஓரமாக வழிந்தது. முகவாதம். மூன்று மாதத்தில் சரியாகிவிடும், பெரும்பாலும், என்றார் டாக்டர். அந்தப் ‘பெரும்பாலும்’ அப்போது யார் காதிலும் விழவில்லை.

இன்னும் பதினெட்டு நாளில் மகளுக்கு நிச்சயதார்த்தம்.

பெண் வீட்டுத் தரப்பில் தட்டு மாற்ற, அவர் மனைவியின் அண்ணனிடம் சொல்லிவிட்டார். அப்பா நீங்க இருக்கறப்ப மாமா எதுக்கு என்று மகள் சண்டைக்கு வந்தாள். “இந்த மூஞ்சி போட்டோவுக்கு ஆகாது கண்ணு” என்று சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கம் மட்டும் ஏறியது.

அவள் தூரிகையில் வண்ணம் எடுத்தாள்.

அளவு தெளிவாகத்தான் சொன்னது. இடது ஓரம் கீழே.

கை கேட்கவில்லை. உதட்டை வலது ஓரத்துக்குச் சமமாக மேலே கொண்டுபோனது. இடது கண்ணின் கீழிமையைத் தூக்கியது. இடது கன்னத்தில் ஒரு மடிப்பு போட்டது. எத்தனையோ வருடங்களாக அங்கே இருந்த மடிப்பு.

அழகாக வந்துவிட்டது. முதல்முறையாக ஒன்று அழகாக வந்துவிட்டது.

“வாங்க, வந்து பாருங்க.”

கைக்குட்டையால் வாயோரத்தை ஒற்றிக்கொண்டே வந்து அவள் பின்னால் நின்றார். நெடுநேரம் நின்றார்.

“நல்லா இருக்கான். யாரு இவன்?”

அவள் திரும்பினாள்.

“இல்ல, ரெண்டு மணி நேரமா இங்க உட்கார்ந்திருந்தது நானாச்சே.”

கோபமாகச் சொல்லவில்லை. செய்தித்தாளை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

அவள் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொந்தக்காரர்கள் வந்தால் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசுவார்கள். காலண்டரைப் பார்த்துப் பேசுவார்கள். அவர்கள் போனதும் அவள்தான் திட்டித் தீர்ப்பாள்.

தான் எதைப் பார்த்துப் பேசினோம் இந்த எட்டு மாதம்?

எண்ணெய் வண்ணம் உடனே காயாது. பயப்படாமல் தப்பு பண்ணுங்க, மூணு நாளைக்கு அது உங்க பேச்சக் கேட்கும் என்று முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள்.

வண்ணம் குழைக்கும் கத்தியின் தட்டையான பக்கத்தால் உதட்டைச் சுரண்டினாள். மடிப்பைச் சுரண்டினாள். டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்தாள். அடியில் பூசியிருந்த பழுப்பு தெரிந்தது.

“ஏங்க. வாங்க இங்க.”

“சோறு வெக்கலியா நீ?”

“ஓட்டல்ல சொல்லிக்கலாம். வந்து உட்காருங்க.”

வந்து உட்கார்ந்தார். அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

அவள் அவரைப் பார்த்தாள்.

உதடு கீழே இறங்கும் இடம். அங்கே தேங்கும் ஈரம். அதன் பளபளப்புக்கு ஊசிமுனையளவு வெள்ளை. சரியாக மூடாத கண்ணின் சிவந்த விளிம்பு.

பிறகு கன்னம்.

வலப்பக்கம் முழுக்கக் கோடுகள். இடப்பக்கம் ஒன்றுகூட இல்லை. மழமழவென்று இருந்தது. கல்யாணத்தன்று பக்கத்து மணையில் இருந்து ஓரக்கண்ணால் பார்த்த கன்னம்.

அவள் தூரிகை கொஞ்சம் நின்றது.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. அசையாதீங்க.”

மதியம் தாண்டியது. பசிக்குது என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை அவராகவே எழுந்து வந்தார்.

இந்த முறை குனிந்து பார்த்தார். மூக்கு ஈர வண்ணத்தில் படும் அளவுக்கு.



“காது இத்தாப் பெருசாவா இருக்குது எனக்கு?”

“அளந்துதான் போட்டிருக்கேன்.”

சிரித்தார். சிரித்து முடிக்கும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை. அவரும் கைக்குட்டையைத் தேடவில்லை.

அவளுடைய போன் அடித்தது. அண்ணன். அவள் கையெல்லாம் வண்ணம். அவரே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

தட்டு மாத்தறப்ப கட்டறதுக்கு வேட்டி எடுக்கக் கடையில நிக்கறேன், பச்சைக் கரையா மெரூன் கரையா என்று கேட்டார் அண்ணன்.

அவர் ஒரு நிமிடம் படத்தைப் பார்த்தார்.

“எதுன்னாலும் எடுங்க மச்சான். நீங்க முன்வரிசையில உட்கார்ந்து பாக்கத்தானே போறீங்க.”