இருபத்தெட்டு லிட்டர்

பதினேழாவது படி அரிசியைக் கொட்டி முடித்தபோது அவன் போன் அடித்தது.

எடுத்திருக்கக் கூடாது. எடுத்தான்.

அவள் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தேன்மொழி டீச்சரின் ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் அந்தப் பக்கமே இருந்தது.

ஹாலின் நடுவில் பழைய புடவையை விரித்து, அதன்மேல் பிளைவுட் பெட்டியை வைத்திருந்தான். அவனே செய்த ஸ்பீக்கர் பெட்டி. முன்பலகை இன்னும் பூட்டவில்லை. பெட்டி எவ்வளவு கொள்ளும் என்று பார்க்க, லிட்டர் படியால் அரிசி அளந்து உள்ளே கொட்டிக்கொண்டிருந்தான்.

இருபத்தைந்து கிலோ புதுச் சிப்பம். பொன்னி அரிசி. அவளைக் கேட்காமல் பிரித்தது.

எப்படிக் கேட்பான்? இருவரும் பேசி ஒன்பது நாளாகிறது.

சண்டையே இந்தப் பெட்டியால்தான். ஜன்னலோர மூலை பெட்டிக்கு வேண்டும், மெஷினைப் பின்கட்டுக்குத் தள்ளு என்றான். அங்கே ஊசியில் நூல் கோக்கக்கூட வெளிச்சம் கிடையாது. முடியாது என்றாள்.

"நாப்பத்தஞ்சு லிட்டருக்குக் கொறஞ்சா அது பெட்டியில்ல புள்ள, டப்பா!"

"அப்ப அதையே கட்டிட்டு அழுங்க."

அன்று உள் அறையிலிருந்து தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலில் படுக்க வந்தவள்தான். யார் முதலில் வாயைத் திறப்பது என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே அழுத்தம்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். படியைக் கையில் எடுத்தான்.

நின்றான்.

உதடு அசைந்தது. பதினாறா, பதினேழா? பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். அரிசி என்ன சொல்லும்? எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

நன்றாக வேண்டும் என்று நினைத்தாள்.

நினைத்துக்கொண்டே பெட்டியைப் பார்த்தாள். பட்டறையில் மோட்டார் காயில் கட்டுகிற கை அது. மரத்தைத் தொட்டுப் பழக்கமில்லை. ஆனாலும் நான்கு மூலையிலும் ஊசி நுழைய இடமில்லை. விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தேய்ப்பில், பட்டுத்துணி உரசினாலும் ஓர் இழை பிசிறாது. வேலையென்று வந்தால் அவன் கையைக் குறை சொல்ல முடியாது. வாயைத்தான் சொல்ல வேண்டும்.

"பதினேழுங்க. இப்பப் போடறது பதினெட்டு."

சொன்ன பிறகுதான், தான் பேசிவிட்டது அவளுக்கே தெரிந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. காது மடல் மட்டும் சிவந்தது. பதினெட்டாவது படியைக் கொட்டினான்.

ஒரு சிப்பம் நாற்பத்தைந்து லிட்டருக்குக் காணாது. அடுத்த சிப்பத்துக்கு எங்கே போவான், அப்போது கேட்டுத்தானே ஆக வேண்டும் என்று காத்திருந்தாள்.

இருபத்தெட்டில் பெட்டி நிறைந்துவிட்டது.

ஸ்கேலை வைத்து மேலே சமமாக வழித்தான். சாக்கில் இன்னும் அரிசி இருந்தது.

அவள் எழுந்து வந்தாள். முன்பலகை சுவரில் சாய்ந்திருந்தது. அதில் ஸ்பீக்கருக்கு ஒரு பெரிய ஓட்டை, காற்றுக் குழாய்க்கு ஒரு சின்ன ஓட்டை. பூட்டிவிட்டால் யாரும் பார்க்க முடியாத உள்பக்கத்தில் பென்சில் கணக்கு.

முதல் வரி: மெஷின் காலிலிருந்து சுவர் வரை, 14 அங்குலம்.

அதன் கீழே 45. அடித்திருந்தான். 36. அதையும் அடித்திருந்தான். 28. அதைச் சுற்றி ஒரு வட்டம்.

பெட்டி சிறுத்தால் குழாய் நீள வேண்டும், இல்லையென்றால் அடிச்சத்தம் கீழே இறங்காது என்று சண்டைக்கு முன்னால் சோறு தின்றுகொண்டே சொல்லியிருக்கிறான். குழாய் 9 அங்குலம் என்பது அடிபட்டு, பதினைந்தரை ஆகியிருந்தது. பெட்டியின் உள் ஆழமே ஒன்பது அங்குலம்தான். நேராகப் போகாது. அதனால் எல்போ வைத்துக் குழாயை மேலே வளைத்திருந்தான். பலகைக்குப் பக்கத்தில் கிடந்தது. சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அறுப்பதற்காக நுனியில் ஓர் அங்குலம் கூடுதலாக விட்டிருந்தான்.

டேப்பை எடுத்துப் பெட்டியின் குறுக்கே பிடித்தாள். பதின்மூன்றரை. மெஷினை நகர்த்தாமலே நுழையும்.

அவளுக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும். இதை வாயால் சொல்லித் தொலைத்தால் என்னவாம்?

உள்சுவரில் பஞ்சு வைத்தால் சின்னப் பெட்டியும் கொஞ்சம் பெரிய பெட்டி மாதிரி நடந்துகொள்ளும் என்றும் அன்றைக்குச் சொல்லியிருந்தான்.

பக்கப் பலகைகளையும் அளந்தாள். மெஷினுக்கு அடியிலிருந்து தன் தலையணையை இழுத்தாள். கத்திரி முனையால் ஓரத் தையலைப் பிரித்தாள். இலவம்பஞ்சு பொங்கி மடியில் விழுந்தது.

டீச்சரின் ரவிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு, மீந்த துணியில் பெட்டிச் சுவர் அளவுக்கு மெல்லிய பையொன்று தைக்க ஆரம்பித்தாள்.

அவன் மெஷின் பக்கத்தில் வந்து நின்றான். பஞ்சைப் பார்த்தான். தலையணை உறையைப் பார்த்தான்.

"ராத்திரிக்கு உனக்கு?"

மிதியிலிருந்து அவள் காலை எடுக்கவில்லை.

"உள்ள ஒண்ணு இருக்குதில்லீங்க."

அவன் பெட்டிப் பக்கம் போய்க் குனிந்து, அரிசியைச் சாக்குக்குள் திருப்பி அள்ளிப் போடத் தொடங்கினான்.

இந்த முறை எண்ணவில்லை.