அணிலுக்கு ஜாமீன் போட்ட மைனா

இல்லப்பா, மைனா கடனே வாங்கினதில்ல. அணில் வாங்கின பொந்துக்கு ஜாமீன் போட்டுச்சு, அவ்வளவுதான்.

பொந்து கொத்தித் தர்றது மரங்கொத்தி. வாராவாரம் பழமா தவணை கட்டணும். மழைக்கு முன்னாடி பொண்டாட்டி முட்டை வைக்கணுமேன்னு மைனாவும் ஒண்ணு கேட்டுச்சு.

"அணில் தவணை கட்டல. அதுல உங்க பேரும் கெட்டுக் கிடக்கு அண்ணே"ன்னுச்சு மரங்கொத்தி.

மைனா அணிலைப் பிடிச்சுது. "ஏன்டா கட்டல?"

"பழமெல்லாம் புதைச்சு வெச்சிருக்கேன் மாமா. எங்கன்னுதான் மறந்துட்டேன்."

வேற வழி? பாக்கியை மைனாவே கட்டுச்சு. "இனி வர்ற தவணையும் நாள் தவறாம வரட்டும், பார்ப்போம்"னு மரங்கொத்தி இழுத்துச்சு. அதையும் மைனாதான் கட்டுச்சு. வானம் இருட்டிக்கிட்டு வந்த அன்னிக்கு மரங்கொத்தி தலையாட்டுச்சு.

"உங்களுக்குப் பொந்து உண்டு. மரத்தைப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

மைனா கிளம்புறப்ப அணில் வாலை ஆட்டிக்கிட்டு வந்துச்சு. "மாமா, இப்ப இருக்கிறதைவிடப் பெரிய பொந்து ஒண்ணு பார்த்திருக்கேன். ஜாமீனுக்கு உங்களத்தான் நம்பி..."

முடியாதுன்னு சொல்லி மைனாவுக்குப் பழக்கமில்ல. மெதுவா அலகைத் திறந்துச்சு.

"ஏங்க! அங்க என்ன பேச்சு? இங்க வாங்க!"ன்னு பொண்டாட்டி மேலருந்து கத்துச்சு.

"வீட்ல கூப்பிடுறாங்க"ன்னு சொல்லிட்டு மைனா பறந்துடுச்சு. அந்தக் குரல் அதுக்கு அவ்வளவு இனிமையா கேட்டது அன்னிக்குத்தான்.