இடி சாரின் கொக்கி

"இந்த மாதிரிக் கொக்கியெல்லாம் நான் வரைய ஆரம்பிச்சப்போ நீங்க ஸ்கூல் போயிட்டு இருந்திருப்பீங்கம்மா!"

கூட்ட அறைக் கண்ணாடி உடையாததுதான் பாக்கி.

கத்தியவர் தலைமை வடிவமைப்பாளர். ஆபீஸில் எல்லோரும் அவருக்கு வைத்திருந்த பெயர் 'இடி'. கோபம் வந்தால் அப்படி. ஆனால் மனுஷன் கையில் பென்சில் எடுத்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் அவர் வரைந்த கட்டிலும் நாற்காலியும்தான் இருக்கின்றன. அவர் கீழே வேலை பார்க்க வேண்டும் என்றே இந்தக் கம்பெனிக்கு வந்தவள்தான் இப்போது எதிரே நின்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

அது விபத்துக் கூட்டம். ஒரு பொருளைச் செய்வதற்கு முன்பே, அது யாரை எப்படிக் காயப்படுத்தும் என்று எல்லோரும் உட்கார்ந்து யோசிக்கிற கூட்டம். நடக்க முடியாத நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கிற இயந்திரத்தின் படம் மேஜைமேல் விரிந்து கிடந்தது. மோட்டாரில் ஓடும் ஒரு கை. அதில் தொங்கும் துணித் தொட்டில். தொட்டிலின் வளையங்களை மாட்டுவதற்கு நாலு கொக்கிகள்.

"வளையம் கொக்கி நுனியில சும்மா தொத்திக்கிட்டு இருந்தாலும் மாட்டின மாதிரியே தெரியுது சார். பாதி தூக்கினதும் நழுவும்" என்றாள். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"நர்ஸ் ஒரு தடவை இழுத்துப் பார்த்துட்டுத்தானே தூக்குவாங்க? பயிற்சி குடுக்கப் போறோமே!"

"ரெண்டு ஷிப்ட் சேர்ந்தாப்ல பார்த்த நர்ஸ் மறந்துடுவாங்க சார். அவங்க மறந்தாலும் நோயாளி விழக் கூடாது. வளையம் முழுசா உட்கார்ந்தாத்தான் மோட்டாரே ஓடணும்."

"அப்ப எனக்கு வரையத் தெரியலைங்கறீங்க?"

"இந்தக் கொக்கி தப்புங்கறேன் சார்."

'அடிப்பாவி!' என்று பக்கத்து நாற்காலி முனகியது. மற்றவர்கள் மேஜையைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள், அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

இடி படத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் பணியாளர் அதிகாரி அவள் மேஜைக்கு வந்துவிட்டார்.

"நாளையிலேருந்து நீங்க சார் டீம்ல இல்லைம்மா. காலையில முதலாளியம்மாவைப் போய்ப் பாருங்க."

அவ்வளவுதான், ஆபீஸே கூடிவிட்டது.

"பாதுகாப்பு, பாதுகாப்புன்னு வாய் கிழியப் பேசுவாரு. அவரு படத்துல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாதாமா?"

"அந்தக் கொக்கி எங்க கண்ணுலயும்தான் பட்டுச்சு. நாங்க சொன்னோமா? பொழைக்கத் தெரியாத ஆளா இருக்கீங்களே மேடம்!"

வீட்டில் கணவனும் அதையேதான் சொன்னான்.

"போனோமா, வேலையைப் பார்த்தோமான்னு இருக்கக் கூடாதா உனக்கு?"

"யாரோ ஒரு பெரியவர் அந்தரத்துலேருந்து பொத்துன்னு விழுவாரேங்க! தெரிஞ்சும் எப்படி சும்மா இருக்கறது?"

"சரி விடு, இது இல்லேன்னா இன்னொரு வேலை" என்றான். சொன்னானே தவிர, முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் முதலாளியம்மாவின் அறைக்குள் போனவள் உட்காரக்கூட இல்லை.

"மேடம், என்னை அனுப்பறதுன்னா அனுப்பிடுங்க. எனக்காகக் கேக்கலை. அந்தக் கொக்கியை மட்டும் எப்படியாவது மாத்திடுங்க."

"அதை சார் நேத்து சாயங்காலமே மாத்திட்டாரேம்மா. வளையம் சரியா உட்காராட்டி மோட்டார் ஓடாது. நீங்க சொன்னது அப்படியே."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்புறம் என்னை ஏன் மேடம் வேலையை விட்டு..."

"யாரு அனுப்பினா உங்களை? வேலை இன்னிக்கே நிரந்தரம். இனிமே நீங்க நேரா என் கீழதான். இந்தக் கம்பெனியில எந்தப் படமா இருந்தாலும், நீங்க சரின்னு சொன்னாத்தான் பட்டறைக்குப் போகும். அவர் படமும் சேர்த்துத்தான். அவரே இங்க வந்து அடம்பிடிச்சு, என்னைச் சரின்னு சொல்ல வெச்சுட்டுத்தான் எழுந்து போனார்."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இப்படியும் ஒரு மனுஷன் உண்டா!

"அந்தக் கத்து கத்தினாரே மேடம்!"

"அதைத்தாம்மா அவரும் சொன்னார்." என்றார் முதலாளியம்மா. "இனிமே கோபத்தைக் கொஞ்சம் அடக்கிக்கங்க, அது போதுமேன்னு நானும் சொல்லிப் பார்த்தேன். கேக்கலை. 'கொக்கி தப்புன்னு அந்த ரூம்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு மேடம், என் வாய்க்குப் பயந்து ஒருத்தரும் வாயைத் திறக்கலை. இனிமே கத்த மாட்டேன்னு நான் சத்தியமே பண்ணாலும் நம்பாதீங்க. அந்தம்மாவோட வேலை என் கையில இருக்கவே கூடாது'ன்னுட்டார்."