விரித்துக் கட்டிய கயிறு

சண்டிலிப்பாய்ப் புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஊர்ந்த உழவு இயந்திரத்தின் மேல், குறுக்கு மரத்தில், மார்க்கண்டு குப்புறத் தொங்கிக்கொண்டிருந்தான்.

முதுகில் நாலு கொக்கி முள், தொடையில் இரண்டு, கெண்டைக்காலில் இரண்டு. எட்டு முள்ளுக்கும் எட்டுக் கயிறு.

இந்தத் தூக்குக் காவடி, பின்னால் நடந்து வந்த தங்கச்சி அருந்ததிக்காக. அவள் உயர்தரப் பரீட்சையில் தேறி டொக்டருக்குப் படிக்கப் போகவேண்டும் என்ற நேர்த்தி. பல்கலைக்கழகத்துக்கு மாவட்டத்துக்கொரு வெட்டுப்புள்ளி வைக்கும் தரப்படுத்தல் வந்த பிறகு யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஒரு கணக்குப் பிழைத்தாலே கதவு அடைபட்டுவிடும். அவளுக்கு இரண்டு முறை அடைபட்டாயிற்று. போன மாதம் எழுதியதுதான் கடைசி. இனி எழுதுவதில்லை என்று அம்மாவுக்குச் சத்தியமும் செய்துவிட்டாள்.

அந்த இரண்டு முறையும் அண்ணன் இப்படித்தான் தொங்கினான். ஆனால் தோல் இவ்வளவு இழுபடவில்லை. இரத்தமும் வரவில்லை. இன்று இடது தோளுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு விலாவரை இறங்கிவிட்டது.

“அரோகரா!” என்றது சனம்.

அவள் கயிறுகளைப் பார்த்தாள். முன்பெல்லாம் நேராக நின்றவை இன்று இரு பக்கமும் சரிந்து விரிந்திருந்தன.

நேரான கயிற்றின் இழுவை முழுவதும் பாரத்தைத் தூக்கவே போகும். சரிந்த கயிறு பக்கத்துக்கும் வீணாக இழுக்கவேண்டும். கோணம் நிலைக்குத்துக் கோட்டோடு அளந்தது என்றால் கோசைன். சரியச் சரிய அது குறையும், இழுவை கூடும். கண்ணுக்கு முன்னால் தொங்கும்போது பச்சைக் குழந்தைக்கும் விளங்கும்.

போன மாதப் பரீட்சையில் இரண்டு கம்பிகளில் தொங்கிய விளக்குக்கு அவள் சைன் போட்டிருந்தாள். மேலே தூக்குவது என்றால் சைன் என்று பாடமாக்கி வைத்திருந்தாள். கோணத்தை எந்தக் கோட்டிலிருந்து அளந்தார்கள் என்று பார்க்கவேயில்லை. சைன் போட்டால், சரியச் சரிய இழுவை குறைவதாகத்தான் வரும்.

போச்சு. எல்லாம் போச்சு.

கோயில் வாசலில் மார்க்கண்டுவை இறக்கினார்கள். காவடி கட்டும் சீவரத்தினம் முட்களைக் கழற்றிக் கிழிந்த இடத்தில் திருநீற்றை அப்பினார். அவள் ஓடிப்போய்ப் பக்கத்தில் குந்தினாள்.

மார்க்கண்டு பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

“கயித்தை விரிச்சுக் கட்டினா நோவு குறையும் எண்டு கணக்குப் பாத்துச் சொன்னது என்ரை தங்கச்சிதான், அண்ணை,” என்றான் சீவரத்தினத்திடம், பெருமையாக. “அவள் பாஸ் பண்ணினவுடனை வாற வருஷமும் தூக்கு எடுப்பன். உப்பிடியே கட்டிவிடுங்கோ.”