இரண்டாவது குழி

சாகாமக் குளத்தோர மேட்டில் ஹிமாயாவுக்கு அடுப்பு எரியவில்லை. வெளியில் மூட்டினால் காற்று அணைக்கிறது; குழிக்குள் மூட்டினால் தீ மூச்சுமுட்டிச் சாகிறது. வாப்பா மவுத்தாகி அடக்கமான பிறகு உம்மா இன்றுதான் இங்கே வந்திருக்கிறார். வாப்பா ஊற்றிக்கொடுத்த இடத்திலேயே உம்மாவுக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்துவிட வேண்டும். "என்னகா, ஆமிக்காரண்ட மகளுக்கு அடுப்பு மூட்ட ஏலாதா?" உம்மா சிரிக்கிறார். "அந்த மனிசன் பட்டாளத்துல இருக்கக்குள்ள காட்டு மழையிலயும் சோறாக்கினவர். வயல் வேலை முடிய எங்களையும் இஞ்ச கூட்டி வந்து ஆக்கித் தருவார். எப்பவும் ரெண்டு குழி தோண்டுவார்." "மத்தக் குழி என்னத்துக்கும்மா?" "அதுல ஒண்டும் வைக்கமாட்டார். கையை விட்டு அடியால துளைப்பார்." ஹிமாயா காற்று வரும் பக்கம் இன்னொரு குழி தோண்டி, கையை முழங்கைவரை விட்டு அடியால் அடுப்புக் குழிவரை துளைக்கிறாள். அடுப்புக் குழியில் மறுபடி மூட்டியதும் சருகு குபீரென்று பற்றுகிறது. உம்மாவின் முகத்தில் மஞ்சள் வெளிச்சமும் பெருமையும். காற்று வெறுங்குழியில் இறங்கி, அடித்துளை வழியே போய், அடுத்த குழியின் நெருப்பை ஊதுகிறது.