ஹென்றி வார்த்த குண்டுகள்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ நகரில், தன் வீட்டுக் கராஜில் ஹென்றி ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தான். பார்க்க வந்த பக்கத்து வீட்டு ரதீசன் வாயைப் பிளந்தான்.

“துவக்குக் குண்டை வீட்டிலையே செய்யிறியளோ, அண்ணை?”

“இப்பதான் பழகிறன். மான் வேட்டையெண்டாச் சும்மாவே? துணிவு வேணும். பொம்பிளையளுக்குச் சரிவராது.”

“துவக்கை ஒருக்காக் காட்டுங்கோவன்.”

ஹென்றி இருமினான். கதவைத் திறந்துகொண்டு அவன் மனைவி ஜெனாட் வந்தாள். செம்மஞ்சள் வேட்டைச் சட்டை, தோளில் துவக்கு. ஒரு குண்டை எடுத்துப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, எல்லாம் சுருக்கம் விழுந்து கிடக்கு. அச்சுச் சூடாக முதல் ஊத்தாதேங்கோ எண்டு சொன்னனான்தானே? திரும்ப உருக்குங்கோ.”

“அண்ணை வேட்டைக்கு வரேல்லையோ, அக்கா?”

“அவருக்கு வெடிச்சத்தம் கேட்டாத் தலை சுத்தும், தம்பி. நான் மானோடை வரமுதல் கறிக்கு வெங்காயம் வெட்டி வைப்பார். அதுக்கும் துணிவு வேணும்தானே!”