நுரை வைக்கும் வரை

"இந்த மாரியும் நுரை வைக்காட்டி என்ன செய்யப்போறீங்க, மகன்?"

மாமியார் சபூறா கதவடியில் நின்று கேட்டார். நிப்றாஸ் விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டு வந்து கண்ணாடித் தொட்டிகளைத் துடைத்திருந்தான். பழைய தண்ணீரை இறைத்திருந்தான். இப்போது துளையிட்ட குழாயைத் திறந்தான். தொட்டிகளுக்குள் மழை பெய்தது. கைப்பேசியில் தவளைச் சத்தத்தை ஓடவிட்டான்.

கோடையில் தொட்டிகளைக் காயவிடுவதும் மாரியில் இப்படி மழை பெய்விப்பதும் அவன் மனைவி சிபானாவின் ஏற்பாடு. அழிந்துவரும் மரத்தவளைகள். பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காக அனுமதி எடுத்துக் கொண்டுவந்தாள். முட்டையிடும்போது தண்ணீருக்கு மேலே, இலையில் வெள்ளையாக நுரை அடித்து வைக்கும். அவள் உயிரோடு இருந்தவரை வைக்கவில்லை. அவள் மவுத்தாகி இது இரண்டாவது மாரி.

"ஒங்களுக்குப் பேசியிரிக்கிற நிந்தவூர்ப் பொண் வீட்டார் எத்தின நாளைக்குப் பாத்துக்கிட்டு இரிப்பாங்க?"

"வஸிய்யத்து இரிக்கி மாமி."

"இல்லையெண்டு சொன்னேனா? தவளை முட்டையிடுறவரைக்கும் பாத்துக்கங்க எண்டு என்ட புள்ள கடைசியாச் சொன்னது. அத மீறேலாது. அதுக்காக இந்த அறைக்குள்ளயே நரைச்சுப் போறதா?"

ஆஸ்பத்திரியில் அந்த நேரம் அவன் மட்டும்தான் கட்டிலருகே இருந்தான். அவன் வந்து சொன்னதை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். மவுத்தாகிறவரின் வஸிய்யத்தை யார் தட்டுவார்?

மறு கலியாணம் முடித்தால் ஊர் வழக்கப்படி அவன் புதுப் பொண்ணின் வீட்டுக்குப் போகவேண்டும். இது சிபானாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. குளியலறை வாசலில் அவளுடைய றப்பர்ச் செருப்பு இன்னும் கிடந்தது. அவன் அதைத் தாண்டித்தான் போய்வருவான்.

"அந்தத் தொட்டியில மட்டும் என்ன துவாய் போட்டிரிக்கி?"

"குளிருது மாமி. அதான்."

"தவளைக்குக் குளிரா? போர்வ ஒண்டு தைச்சுத் தரட்டா?"

அவன் குறுக்கே வருவதற்குள் மாமி துவாயை இழுத்துவிட்டார். இலையொன்றில் கைப்பிடியளவு வெள்ளை நுரை. பக்கத்தில் பச்சைத் தவளையொன்று களைத்துப்போய் இருந்தது.

"சவுக்கார நுரை மாமி. தொட்டி கழுவினேன்."

"சவுக்காரம் பட்டாத் தவளை செத்துப்போகும் எண்டு என்ட கையத் தட்டிவிட்டவள் ஒங்கட பொண்டாட்டி. ஆருக்கு மகன் கதை விடுறீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மாமி கொஞ்ச நேரம் நுரையையே பார்த்தார். சிரித்தார். பிறகு முக்காட்டால் கண்ணைத் துடைத்தார்.

"அல்ஹம்துலில்லாஹ். என்ட புள்ளைட வஸிய்யத்து நிறைவேறிட்டு. இப்பவே நிந்தவூருக்குக் கதைக்கிறன்."

அவர் போனபின் நிப்றாஸ் குழாயை மூடினான். மழை நின்றது. கைப்பேசி மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

அன்று ஆஸ்பத்திரியில் சிபானா அவனைக் கிட்டக் கூப்பிட்டு, மூச்சு வாங்க வாங்கச் சொன்னது இதுதான்: "தவளையெல்லாத்தையும் கெம்பஸ்ல குடுத்திருங்க. அதுகளோட தனியக் கிடக்காம, அடுத்த மாரிக்கு முந்திக் கலியாணம் முடிச்சிருங்க."